கனிக்கு வைத்த செம்புக் கொங்காணி

"பளபளன்னுதானே இருந்துச்சு? பெறகு ஏன் எம்மவளுக்குக் குடுக்கல?"

போன வருடம் சித்திரையில் சந்தனம் எங்கள் லயத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் இதைக் கேட்டாள். குழாயடியில் கேட்டாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்டாள். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்த என்னிடமும் கேட்டாள். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். ஆனால் அவளிடம் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். வேறு யாருக்காவது புரியட்டும்.

சந்தனத்தின் ஒரே மகள் ஆனந்தி. போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், தேயிலைக்கு நடுவே, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தடுத்த வீடுகள்தான் லயம். அதில் கடைசி வீடு அவர்களுடையது. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலுக்கு ஒரு இடுக்கு, கையகலத்துக்கு ஒரு ஜன்னல். அப்பா வேல்முருகன் தேயிலை ஃபேக்டரியில் இருந்தவர். ஆனந்தி சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு அந்த வீடு சந்தனத்தின் கொழுந்துக் கூடையில்தான் நின்றது. எங்கள் பக்கத்தில் வேலை இருக்கும்வரைதான் வீடு. பென்ஷன் ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட்டில் பேர் பதிந்தால் வீடு தங்கும்.

சந்தனத்துக்கு அந்த வருடக் கடைசியில் பென்ஷன்.

"நீ பேர் பதியவே கூடாதுட்டி. நான் குனிஞ்சது போதும். நம்ம வம்சத்துல ஒருத்தியாவது நிமிந்து நடக்கட்டும்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். "அப்ப எங்கம்மா போய் இருப்போம்?" என்று ஆனந்தி கேட்டால், "அதை நீதான் யோசிக்கணும், படிச்சவ" என்று சிரித்துவிடுவாள்.

ஆனந்தி படித்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோவிந்தாபுரம் போகிற சாலையில் இருந்த ஒரு கைவினைக் கல்லூரியில். அங்கே இரண்டு கொட்டகைகள். ஒன்றில் உலோக வேலை, இன்னொன்றில் நூல் வேலை. உலோகக் கொட்டகையில் சுத்தியல் சத்தமும் புகையும். நூல் கொட்டகையில் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும். ஆனந்தி நூல் பக்கம் சேர்ந்தவள். ஆனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் மெல்ல உலோகக் கொட்டகைக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு அந்த யோசனை புத்தகத்திலிருந்து வரவில்லை. மழைக்கு முன்னால் எங்கள் லயத்தில் கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஓரத்தில் ஆணியால் துளை போட்டு, சாக்கு நூலைக் கோத்து, கம்போடு சேர்த்துத் தைத்துவிடுவோம். தகரத்தைத் தைக்கலாம் என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அதை அவள் செம்பில் செய்து பார்த்தாள். மெல்லிய செம்புத் தகட்டில் ஊசி நுழைகிற அளவுக்குத் துளை போட்டு, அதன் வழியே நூலை இழுத்துச் சங்கிலித் தையல் போட்டாள். முதல் தகட்டில் துளையின் விளிம்பு நூலை அறுத்துவிட்டது. பிறகு ஒவ்வொரு துளையையும் அரத்தால் வழவழப்பாக்கக் கற்றுக்கொண்டாள்.

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த தமிழ்ப்ரியா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புக்கார வீட்டுப் பெண். வாய் சும்மா இருக்காது.

"ஏம் புள்ள, நீ பட்டறைக்காரியா, தையக்காரியா? நாளைக்கு உன்னையப் பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"ரெண்டும்னு சொல்லு."

"அப்பப் பட்டறைக்கு ஒன்னு, தையலுக்கு ஒன்னுன்னு ரெண்டு மாப்பளையல்லோ பாக்கோணும்!"

கடைசி வருடம் தொடங்கும்போது, அவர்களுக்குப் பாடம் எடுத்த ரோசி டீச்சர் ஒரு செய்தி சொன்னார். விஷு விடுமுறை முடிந்ததும் இறுதிப் பார்வை நடக்கும். வெளியிலிருந்து நடுவர்கள் வருவார்கள். யாருடைய படைப்பு முதலாவதாக வருகிறதோ, அவரைக் கல்லூரியே பட்டறை உதவியாளராக வைத்துக்கொள்ளும். தங்குவதற்குக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு, குடும்பத்தையும் கூட்டிவரலாம்.

அன்று சாயங்காலமே ஆனந்தி அந்த அறையைப் போய்ப் பார்த்தாள். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நல்ல வெளிச்சம். எதிர்ச் சுவரில் இன்னொரு ஜன்னல். திரும்பி வந்து தமிழ்ப்ரியாவிடம், "எங்கம்மாவுக்கு ஒரு ஜன்னல், எனக்கு ஒரு ஜன்னல்" என்றாள். தமிழ்ப்ரியா அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

ஆனந்தி செய்யத் தொடங்கியது ஒரு கொங்காணி. சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் மழைக்கு அது கொங்காணி. தலையும் முதுகும் நனையாது. இப்போது எல்லோரும் பிளாஸ்டிக் போட்டுக்கொள்கிறார்கள். சந்தனம் அந்தக் காலத்தில் போட்ட சாக்குக் கொங்காணி பரணில் கிடந்தது. அதை எடுத்துப் போய் அடித்தளமாக வைத்து, அதன் மேல் தீப்பெட்டி அளவுச் செம்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி அடுக்கித் தைப்பது அவள் திட்டம்.

செம்பை வெறுமனே தைக்கவில்லை. ஒவ்வொரு தகட்டையும் தீக்குழாயின் நெருப்பில் காட்டினாள். செம்பு சூடேறும்போது நிறம் மாறும். முதலில் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், பிறகு கத்தரிப்பூ நிறம், பிறகு ஒரு நீலம். அந்த நீலம் கண் இமைக்கும் நேரம்தான் நிற்கும். அதற்குள் நெருப்பை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கரிதான். எத்தனையோ தகடுகளைக் கரியாக்கிய பிறகு அவள் கை அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டது. மேற்கே மழை கட்டும்போது தேயிலைச் சரிவின் மேல் ஒரு நிறம் வருமே, அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு அவசரமாகக் கொங்காணியைத் தேடுகிற அந்த நிறம். அதைத்தான் தகடு தகடாகக் கொண்டுவந்தாள்.

இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. நெருப்பு முதலில், நூல் பிறகு. நூல் ஏறிவிட்டால் மறுபடி நெருப்பிடம் போக முடியாது, பொசுங்கிவிடும். எல்லாம் தைத்து முடித்த பிறகு, கடைசியாகத் தேன்மெழுகைத் துணியில் தொட்டு மேலே பூச வேண்டும். அதுவரை அந்த நிறத்துக்குக் காவல் கிடையாது. அது செம்பின் மேல் படிந்த மூச்சு மாதிரி. விரல் பட்டால் போகாது, ஆனால் புளி பட்டால் போய்விடும்.

எங்கள் சித்திரை முதல் தேதிதான் கேரளத்தில் விஷு, அதற்கு விடுதியை மூடினார்கள். நெருப்பு வேலை முடிந்திருந்தது, தையல் கொஞ்சம் பாக்கி. ஆனந்தி கொங்காணியைப் பழைய போர்வையில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தாள். கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சி, பழனி, தேனி, போடி, பிறகு மலையேற்றம். கேரளாவிலிருந்து கேரளாவுக்கு வர அவள் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும்.

வீட்டுக்குள் உட்கார்ந்து தைத்தாள். வெளியே வைத்துத் தைத்தால் பிள்ளைகள் கை வைக்கும், தூசி படும். சந்தனம் வேலைவிட்டு வந்து, மங்கலான பல்பு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள்.

"என்னட்டி இது, அடுப்புக்குள்ள விழுந்த தகரமாட்டம்?"

"கரி இல்லம்மா, நிறம் அது. நெருப்புல வந்த நிறம்."

"நெருப்புல வந்தா அதுக்குப் பேரு கரிதான்."

ஆனந்தி சிரித்தாள். அந்த இருட்டு அறையில் நீலமும் கத்தரிப்பூவும் வெறும் கறுப்பாகத்தான் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் ஒரு தரம் திருப்பிக் காட்டியிருந்தால் போதும். அவள் காட்டவில்லை. கல்லூரியில், நல்ல விளக்குக்குக் கீழே அம்மா முதன்முதலாகப் பார்த்து அசந்து போகட்டும் என்று வைத்திருந்தாள்.

சந்தனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் லயத்திலேயே அவள் வீட்டுப் பாத்திரம்தான் பளபளக்கும். "சந்தனம் வீட்டுச் சொம்புல முகம் பாத்துப் பொட்டு வச்சுக்கிடலாம்" என்று குழாயடியில் கேலி பேசுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஆனந்தி சின்னப் பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போனபோது, புகை வாசம் அடிக்கிறது என்று ஒரு வாத்தியார் அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார். அன்றிலிருந்து சந்தனம் கண்ணில் படுகிற எல்லாவற்றையும் தேய்த்தாள்.

சித்திரை முதல் தேதிக்கு முந்தின நாள், தையல் முடிந்தது. தேன்மெழுகு மட்டும் பாக்கி. போடிமெட்டில் தேன் விற்கிற பாஸ்கல் அண்ணனிடம் சொல்லி வைத்திருந்ததை வாங்க ஆனந்தி மதியம் கிளம்பினாள். திருவிழாக் கூட்டம், வண்டி கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வீடு முழுக்கப் புளி வாசம். நாளைக்குக் கனி வைக்க வேண்டும் அல்லவா, பாத்திரம் விளக்கியிருப்பாள் என்று நினைத்தாள். கொங்காணி போர்வைக்குள் சுற்றியபடி அதே மூலையில் இருந்தது. மெழுகை வெளிச்சத்தில்தான் பூச வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

எங்கள் ஆட்களுக்குச் சித்திரைக் கனி முக்கியம். விடிவதற்கு முன்னால் வீட்டுப் பெண் எழுந்து, பழம், காய், கண்ணாடி, கொன்றைப் பூ, விளக்கிய செம்பு, பித்தளை எல்லாம் அடுக்கி வைப்பாள். பிறகு தூங்குகிறவர்களைக் கண்ணைப் பொத்தி நடத்திக் கூட்டி வந்து, அதன் முன்னால் நிறுத்திக் கையை எடுப்பாள். வருடத்தில் முதலில் பார்ப்பது பளிச்சென்று இருக்க வேண்டும்.

சந்தனம் மகளை எழுப்பிக் கண்ணைப் பொத்தினாள். அந்தக் கைகளில் புளி வாசம் இன்னும் இருந்தது. விரல்களில் ஏதோ துணி சுற்றியிருந்தது கன்னத்தில் உரசியது.

"தொறக்காதட்டி... தொறக்காத... ம், இப்பப் பாரு!"

நடுவில் ஒரு குடத்தைக் கவிழ்த்து, அதன் தலையில் கொங்காணியை மாட்டியிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அது புதுச் சொம்பு மாதிரி ஜொலித்தது. ஒரு தகட்டில்கூட நீலம் இல்லை. கத்தரிப்பூ இல்லை. மழை இல்லை. தேங்காய் நார் போன இடமெல்லாம் தையல் நூல் பிசிறிட்டு, புளித்தண்ணீரில் ஊறிப் பழுப்பாகி நின்றது. சில இடத்தில் அறுந்தே போயிருந்தது.

"எப்பிடி? நேத்து நீ போனதும் உக்காந்தேன். பொழுதடைய ஆயிருச்சு. எத்தனை தகடு! ஓரமெல்லாம் கைய வெட்டிருச்சு. நாளைக்கு அம்புட்டுப் பெரிய ஆளுக பாக்கையில கரி பிடிச்சாப்புல இருந்தா, எஸ்டேட்டுக்காரப் பிள்ளைன்னு சொல்லிருவாகல்ல? இப்பச் சொல்லட்டும் பாப்போம்!"

ஆனந்தி அறுந்து தொங்கிய நூல் ஒன்றை விரலால் தகட்டுக்கு அடியில் தள்ளினாள்.

"என்னட்டி, பேச்சே காணோம்? நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கும்மா" என்றாள் ஆனந்தி. அம்மாவின் விரல்களில் இருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தாள். ஒவ்வொரு விரலிலும் மெல்லிய வெட்டு. நேற்று வாங்கி வந்த தேன்மெழுகை எடுத்துச் சூடாக்கி, ஆறவைத்து, அந்த விரல்களில் தடவினாள். வேறு எதற்கும் அது இனி வேண்டியதில்லை.

அன்றைக்கே இருவரும் கிளம்பினார்கள். இறுதிப் பார்வைக்கு வீட்டு ஆட்களையும் அழைத்திருந்தார்கள். சந்தனம் நல்ல சேலை கட்டியிருந்தாள். பஸ்ஸில் யார் மடியிலும் வைக்க விடாமல் அந்தப் போர்வை மூட்டையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை, விடுதி அறையில் மூட்டையைப் பிரித்ததும் தமிழ்ப்ரியா வாயில் கை வைத்தாள். சந்தனம் அப்போது குளியலறையில் இருந்தாள்.

"அடக் கடவுளே! இதாருடி பண்ணுனது?"

ஆனந்தி குளியலறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"நூலைப் பிரிச்சுப்போட்டு மறுக்காவும் நெருப்புல காட்டலாமா?"

"மழைக்காலம் பூராத் தைச்சது. மத்தியானத்துக்குள்ள முடியுமா?"

"அப்ப நடந்ததச் சொல்லிப்போடு. டீச்சர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"சொல்லாத. எங்கம்மா காதுல விழுந்தா அவ தாங்க மாட்டா. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

தமிழ்ப்ரியா முகத்தைச் சுளித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். பிறகு தன்னால் முடிந்த ஒரு வேலையைப் பார்த்தாள். நடுவர்கள் வருகிற நேரத்துக்கு, "அம்மா, வாங்க, கேன்டீன்ல டீ குடிச்சுட்டு வரலாமுங்க" என்று சந்தனத்தைக் கூப்பிட்டாள். அம்மா வெளியே போனால் ஆனந்தி வாயைத் திறப்பாள் என்று கணக்கு.

"டீயா? அந்தச் செடியைப் பாத்துப் பாத்தே நான் கெழவியாயிட்டேன் தாயி. எம்மவ பேசுறதைக் கேக்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சந்தனம் கதவோரம் இடம் பிடித்து நின்றாள்.

கொச்சியிலிருந்து வந்த நடுவர் கொங்காணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் கையில் ஆனந்தி முன்பே அனுப்பியிருந்த படம் இருந்தது. படத்தில் நீலம். எதிரே பளபளப்பு. அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: இந்த நிறம்தானே உன் வேலை, இதை ஏன் தேய்த்து எடுத்தாய்?

ஆனந்தி ஆங்கிலத்தில் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். என் அம்மா, தெரியாமல், கனிக்காக என்று துண்டு துண்டாக வார்த்தைகள் வந்தன. ஆங்கிலத்தில் சொன்னால் அம்மாவுக்குப் புரியாது. சொல்லிவிடலாம். உதடு பிரிந்துவிட்டது.

அப்போது ரோசி டீச்சர் அவள் தடுமாற்றத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "இங்கிலீஷ் வேண்டா மோளே. தமிழ்ல தன்னே பற. நான் சாருக்குச் சொல்லிக்கொடுக்கறேன். ஏன் தேச்சே? அதைச் சொல்லு."

கதவோரம் சந்தனம் ஒரு காலடி முன்னால் வந்தாள். தமிழில், அதுவும் தேய்த்ததைப் பற்றிக் கேட்டதும், பாராட்டுகிறார்கள் என்று அவள் முகம் மலர்ந்துவிட்டது. மகள் என்ன சொல்லப் போகிறாள் என்று காதைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். மெழுகு தடவிய விரல்களைக் கோத்துப் பிடித்திருந்தாள்.

"நான்தான் டீச்சர் தேச்சேன்" என்றாள் ஆனந்தி.

"அதான் மோளே, ஏன்?"

ஆனந்தி கதவோரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கொட்டகையில் யாரோ சுத்தியலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நடுவர் பிசிறிட்ட நூலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். ரோசி டீச்சர் போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபம் அல்ல, ஏமாற்றம்.

மாலையில் பெயரை வாசித்தார்கள். அது ஆனந்தியின் பெயர் அல்ல.

திரும்பி வரும் பஸ்ஸில் சந்தனம்தான் பேசிக்கொண்டு வந்தாள். "அங்கன இருந்ததுலயே ஒன்னோடதுதான் பளிச்சுன்னு இருந்துச்சு. அவனுகளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? நாங்கூட நிக்காம போயிருக்கணும். எஸ்டேட்டுக்காரின்னு தெரிஞ்சிருக்கும், அதான் குடுக்கல." பழனி தாண்டும்வரை பேசினாள். பிறகு மகளின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஆனந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள்.

வருடக் கடைசியில் சந்தனத்துக்குப் பென்ஷன் வந்தது. ஆனந்தி எஸ்டேட் ஆபீசுக்குப் போய்ப் பேர் பதிந்தாள். அன்று சந்தனம் அடுப்புப் பற்றவைக்கவில்லை. "எங்கண்ணு முன்னாலயே குனிய வச்சுட்டாகளே" என்று யாரையோ திட்டிக்கொண்டு கிடந்தாள். யாரைத் திட்டுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

இப்போது ஆனந்தி கொழுந்து வெட்டுகிறாள். இரும்புக் கத்திரி, அதோடு கட்டிய பை. அதுவும் ஒருவிதத்தில் உலோகமும் நூலும்தான் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சிரிக்கவில்லை. நானும் இந்தத் தை மாதம்தான் பேர் பதிந்தேன். எனக்குப் பக்கத்து வரிசை அவளுக்கு. நான் சும்மா இருக்க மாட்டாமல் கேட்டுக் கேட்டு, மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு மதியத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேற்கே கறுத்திருந்தது. "அந்தா அந்த நீலம்தான்" என்று கையைக் காட்டினாள். நான் பார்ப்பதற்குள் மழை மூடிவிட்டது.

கொங்காணி அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சந்தனம் அதை மாதம் தவறாமல் புளி போட்டு விளக்குகிறாள். துளைகளுக்குள் தங்கிய புளியும் உப்பும் நூலைத் தின்றுவிட்டன. துளையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. விளக்கும்போது தகடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. விழுந்ததை அவள் ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறாள். "லீவு நாள்ல தைச்சுக் குடுட்டி" என்கிறாள். ஆனந்தி "சரிம்மா" என்கிறாள். ஊசியை மட்டும் எடுப்பதில்லை.

இன்றைக்கும் சந்தனம் என்னைப் பார்த்தால் அதே கேள்வியைக் கேட்கிறாள். நான் "தெரியலையே அத்தை" என்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் படிக்கப் போன வீடுகளில் சொல்லுங்கள். மார்க் போடுகிறவர்களிடமும் சொல்லுங்கள், வாய் திறக்காமல் நிற்கிற பிள்ளைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பார்க்கட்டும். செய்ததைச் செய்தவர்களே ஒரு தரம் வெயிலில் வைத்து வீட்டு ஆட்களுக்குக் காட்டட்டும். ஆனால் சொல்லும்போது பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்லுங்கள். நானும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சுற்றிச் சுற்றி இந்தக் கதை எங்கள் லயத்துக் குழாயடிக்கே வந்து சேர்ந்தாலும், அந்தக் கடைசி வீட்டுக்காரி இதைக் கேட்டு, "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருக்கட்டும்.